மூன்றரை ஏக்கரும் சில போகங்களும்: தம்பலகாமத்திலிருந்து ஓர் அனுபவம்

யூரியா இல்லாமல் நெல் விளையும் என்று சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அந்த நெல் பழையபடி விளையத் தொடங்கும் வரைக்கும் வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்று சொல்லத்தான் எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. மண்ணைத் திரும்ப உயிர்ப்பிக்க வேண்டும், பறவைக்கும் பூச்சிக்கும் தவளைக்கும் இடம் விட்டு விளைவிக்க வேண்டும் என்ற ஆசையோடு இறங்குகிறவர்களைத் தடுப்பது என் நோக்கம் இல்லை. நானும் இன்னும் அதில்தான் நிற்கிறேன். ஆனால் கையில் எவ்வளவு காசு இருக்க வேண்டும், யார் யாரோடு முதலே பேசி வைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். எனக்கு அதைத் தெரிந்துகொள்ள இரண்டு சோடிக் காப்பும் ஒரு சங்கிலியும் வங்கிக்குப் போக வேண்டியிருந்தது.

வயல் அப்பா விட்டுப்போனது. திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் மூன்றரை ஏக்கர், கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வரும் வாய்க்காலின் கடைசிப் பக்கம். எங்களுக்குக் கீழே இன்னும் சில வயல்கள், பிறகு கண்டல் காடு, பிறகு தம்பலகாமம் குடா. ஒரு காலத்தில் முத்துக்காகச் சிப்பி எடுத்த குடா அது. மேலே உள்ள வயல்களில் போட்ட பசளையும் அடித்த மருந்தும் எங்கள் பக்கத்தால் வடிந்துதான் அங்கே போகும். கடைசி வயல் என்றால் இரண்டு கஷ்டம்: தண்ணீர் தட்டுப்பாடான போகத்தில் எங்களுக்குத்தான் கடைசியாக வரும், வெள்ளமான போகத்தில் எங்களிடம்தான் தேங்கி நிற்கும். கணவர் கத்தாரில் வேலை. வீட்டில் அம்மா, இரண்டு பிள்ளைகள், நான். அப்பா போன பிறகு வயல் என் பொறுப்பாயிற்று.

பொறுப்பெடுத்த கையோடு வந்தது 2021. அந்த மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாக நிறுத்தியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நவம்பர் முடிவில் தடையை எடுத்தார்கள், ஆனால் அதற்குள் பெரும்போகம், அதாவது மாரி மழைக்கு விதைக்கும் போகம், விதைத்து முடிந்திருந்தது. இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்த நனோ நைதரசன் திரவம் சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குச் சேதனப் பசளை (இயற்கை உரம்) என்ற பெயரில் ஏதோ கிடைத்தது. வழக்கமாக ஏக்கருக்கு 1,900 கிலோ வரும் எங்கள் வயலில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் தேறியது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் 'சேதனம்' என்று யாராவது வாயெடுத்தால் எழும்பிப் போய்விடுவார்கள். நியாயமான கோபம்தான். ஒரு மூடை யூரியா 50 கிலோ. அதில் 23 கிலோ நைதரசன். மாட்டெருவில் நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு மூடைக்கு ஈடாக 2,300 கிலோ எரு வேண்டும். அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான், மீதி மண்ணிலே மெதுவாகக் கரையும். ஏக்கருக்கு 90 கிலோ அளவில் யூரியா போட்டுப் பழகிய ஊரில் அத்தனை எருவை ஒரே போகத்துக்குள் எங்கே தேடுவது? இந்தக் கணக்கை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இப்போது மாற நினைக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

அப்படியிருந்தும் நான் ஏன் இதில் இறங்கினேன் என்றால், அந்த மோசமான போகத்திலும் வயலில் ஒரு மூலை கரும்பச்சையாகவே நின்றது. அப்பா காலத்தில் களவெட்டி, அதாவது சூடடிக்கும் களம், இருந்த இடம் அது. வருடக்கணக்கில் அங்கே வைக்கோல் குவிந்து, மாடு நின்று, எல்லாம் மக்கிப் போயிருந்தது. மண்வெட்டியால் கொத்திப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் கட்டி கட்டியாகக் கிளம்ப, அங்கே மட்டும் மண் உதிர்ந்து விழுந்தது, புழுவும் இருந்தது. 2022இல் யூரியா கறுப்புச் சந்தையில் ஒரு மூடை 40,000 ரூபாய் வரை போன நேரம். இந்த மூலையைப் போல முழு வயலும் ஆகிவிட்டால் எந்தக் கப்பலையும் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லையே என்று தோன்றியது. தோன்றியதில் பிழை இல்லை. அந்த மூலை அப்படியாக எத்தனை வருடம் எடுத்தது என்பதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கேட்க அப்பா இல்லை.

அந்த நேரம் பட்டணத்தில் ஒரு நிறுவனம் பயிற்சி நடத்தியது. நல்ல பயிற்சிதான், நல்ல சாப்பாடும் தந்தார்கள். மண்ணைத் திறந்து போடாதே, பயிர்க் கழிவை எரிக்காதே, பயிரை மாற்றி மாற்றிப் போடு, ஆடு மாட்டைச் சேர்த்துக்கொள், வயலோரத்தில் காட்டுக்கு இடம் விடு என்று எல்லாம் சொன்னார்கள். இவை ஒவ்வொன்றும் சரி என்று இன்றைக்கும் சொல்வேன். இரசாயனம் இல்லாத விளைச்சலுக்கான சான்றிதழ்க் குழுவில் சேர்ந்தால் கொழும்பில் கூடுதல் விலைக்கு விற்றுத் தருவோம் என்றும் சொன்னார்கள். அதற்கு ஒரு நிபந்தனை: வயல் முழுவதையும் ஒரே போகத்தில் மாற்ற வேண்டும், துண்டு துண்டாக ஏற்க மாட்டார்கள். கையெழுத்து வைத்தேன். மாறுகிற காலத்தில் விளையும் நெல்லுக்கு அந்தக் கூடுதல் விலை கிடையாது, அது சாதாரண நெல்லாகத்தான் போகும் என்பது கையெழுத்து வைத்த பிறகு தெரிந்தது. யாராவது உங்களிடம் சான்றிதழ் பற்றிப் பேசினால் முதலில் கேட்க வேண்டியது, "இடைக்காலத்து நெல்லை யார், என்ன விலைக்கு எடுப்பீர்கள்?" என்பதைத்தான். அதற்கு எழுத்தில் பதில் வராவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

2022 பெரும்போகத்துக்குக் கூட்டெரு வெளியிலிருந்து வாங்கினேன், லொறிக்கூலியோடு 84,000 ரூபாய். இறக்கிப் பார்த்தால் பாதி மக்காத தும்பும் தூளும், இடையில் பொலித்தீன், போத்தல் ஓடு. விற்றவரின் தொலைபேசி அதன் பிறகு வேலை செய்யவில்லை. அதைவிட மோசம், அதோடு சேர்ந்து வந்த களை விதை. எங்கள் வயலில் அதுவரை பார்த்திராத புல்லெல்லாம் முளைத்தது. இப்போது யாரிடம் எரு வாங்கினாலும் முதலில் ஒரு பையளவு மட்டும் எடுத்து வருவேன். கையில் பிடித்து நெருக்கினால் பிடி நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. மழை நனைத்த காட்டு மண்ணின் வாசம் வர வேண்டும். அமோனியா மூக்கைப் பிடித்தால் இன்னும் மக்கவில்லை. உள்ளே கை வைத்தால் சூடு இருக்கக் கூடாது. பிறகு இரண்டு சட்டியில் போட்டு ஒன்றில் பயறு ஊன்றுவேன், மற்றதில் ஒன்றும் ஊன்றாமல் தண்ணீர் மட்டும் ஊற்றுவேன். பயறு ஒழுங்காக முளைத்து, மற்றச் சட்டியில் களை அதிகம் முளைக்காவிட்டால்தான் லொறியைக் கூப்பிடுவேன். ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும் வேலைதான். ஆனால் 84,000 ரூபாய்க்கு அது மலிவு.

வைக்கோலை எரிக்காமல் உழுது விட்டேன். வைக்கோல் பெரிய சொத்து, அதில் சந்தேகம் இல்லை. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொற்றாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் நிற்கிறது. ஒரு தொன் வைக்கோலில் 15 கிலோவுக்குக் குறையாது. ஆனால் வைக்கோலில் கார்பன் மிக அதிகம், நைதரசன் மிகக் குறைவு. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்து பிடித்துக்கொள்ளும். உழுது குறைந்தது மூன்று நான்கு கிழமை ஈரத்தோடு கிடந்தால் அந்தப் பசி அடங்கிவிடும். எனக்குக் கிடைத்தது அதில் பாதிகூட இல்லை. தண்ணீர் திறக்கும் நாளும் விதைப்பு முடிக்கும் நாளும் போக ஆரம்பக் கூட்டத்தில் எல்லோருக்கும் சேர்த்துத்தான் முடிவாகும், என் வைக்கோல் மக்கும் வரைக்கும் வாய்க்கால் காத்திருக்காது. உழவு இயந்திரமும் அவரவர் முறைக்குத்தான் வரும். விளைவு, விதைத்த நெல் முளைத்து விரலளவு வந்ததும் வயல் முழுக்க மஞ்சளாகப் படுத்துவிட்டது. பக்கத்து வயல்கள் எல்லாம் கண்ணைப் பறிக்கும் பச்சை. நடுவிலே என்னுடையது மட்டும் காமாலை வந்தது மாதிரி. அடுத்த வயல் மாமா வரம்பில் நின்று, "என்ன பிள்ளை, கொப்பர் கண்ணை மூடினதும் வயலையும் காடாக்கப் போறியோ?" என்று கேட்டார். நல்ல மனிதர், அக்கறையில்தான் கேட்டார். அன்றிரவு நான் அழுதது அம்மாவுக்குத் தெரியாது.

களையைக் கையால் பிடுங்க ஆள் பிடித்ததற்கு 60,000 போனது. அறுவடையில் ஏக்கருக்கு 1,150 கிலோ. அந்த வருடம் நெல் கிலோ 90 ரூபாய்க்குத்தான் கொடுக்க முடிந்தது. மூன்றரை ஏக்கருக்கும் கணக்குப் பார்த்தால் வழக்கமான விளைச்சலை விட 2,36,000 ரூபாய் குறைவு. அதோடு எருவுக்கும் களைக்கும் போனதைக் கூட்டி, பசளையும் மருந்தும் வாங்காமல் மிச்சமான ஒரு லட்சத்தைக் கழித்தால், ஒரே போகத்தில் நட்டம் 2,80,000. கணவர் வீடியோவில், "என்னப்பா நடக்குது அங்க? நான் இங்க வெயிலுக்க நிண்டு அனுப்புறது வயலுக்கே போகுது" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. நகை அடகுக்குப் போனது அந்த மாதம்தான். இந்தத் தொகையை நான் மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம், மாறுகிற காலத்து நட்டம் என்று ஒன்று இருக்கிறது என்பதையே பலர் சொல்வதில்லை. என் மதிப்பீடு: நீங்கள் மாற்றப் போகும் நிலத்தின் இரண்டு போக வருமானத்தில் பாதியை இழந்தாலும் வீட்டில் உலை கொதிக்கும் என்றால் மட்டும் தொடங்குங்கள். அப்படி முடியாதென்றால் நிலத்தைச் சிறிதாக்குங்கள்.

நான் பிறகு செய்தது அதுதான். சான்றிதழ்க் குழுவிலிருந்து விலகினேன். பழைய களவெட்டி இருந்த பக்கத்து ஒரு ஏக்கரை மட்டும் முழுவதும் இரசாயனப் பசளையில்லாமல் வைத்துக்கொண்டு, மீதி இரண்டரை ஏக்கருக்கு யூரியாவைத் திரும்பக் கொண்டுவந்தேன், ஆனால் குறைத்துக் குறைத்து. இலை நிற அட்டை என்று ஒன்று இருக்கிறது, பல அளவுப் பச்சை அச்சிட்ட ஒரு சின்னப் பட்டி. இலையை அதோடு ஒட்டிப் பார்த்து, நிறம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் மட்டும் யூரியா போட வேண்டும். உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். முன்பு மூன்று தரம் கண்ணை மூடிக்கொண்டு எறிந்ததை இப்போது பார்த்துப் பார்த்துப் போட்டதில் பாதியளவு பசளையிலேயே வயல் நின்றது. குழுவிலிருந்த சிலருக்கு இது துரோகமாகப் பட்டது. மண்ணில் உயிர் ஏறுகிறதா, குடாவுக்கு வடியும் நைதரசன் குறைகிறதா என்பதுதான் எனக்குக் கேள்வி. அதற்கு விடை இரண்டரை ஏக்கரிலும் கிடைக்கிறது.

நைதரசனுக்கு மலிவான வழி பசுந்தாட் பசளை. சணலோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கிற நேரம், ஆறு ஏழு கிழமையில் உழுது விட்டால் காற்றிலிருக்கும் நைதரசனை வேர் முடிச்சுகள் மண்ணுக்குக் கொண்டுவந்து தரும். பெரும்போக அறுவடை முடிந்த ஈரத்திலேயே சணல் எறிந்தேன். ஒரு சாண் உயரம் வந்திருக்கும், ஒரு காலையில் போய்ப் பார்த்தால் மொட்டையாக நிற்கிறது. அறுவடை முடிந்தால் மாடு அவிழ்த்து விடுவது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம், வெட்டிய வயல் எல்லோருடைய மேய்ச்சல். வேலி போட்டால் ஊரோடு பகை, அதற்குக் காசும் இல்லை. மாட்டுக்கார நானாவிடம் சண்டைக்குத்தான் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தங்கச்சி, உங்கட அப்பா இருக்கேக்க எங்கட மாட்டை உங்கட வயல்லதான் பட்டி கட்டிறது, மறந்து போச்சா?" என்றார். எனக்கு அது தெரிந்தே இருக்கவில்லை. இப்போது ஒவ்வொரு பெரும்போகம் முடிந்ததும் அவர் மாடுகள் சில கிழமைக்கு இரவில் என் வயலில் பட்டி அடைத்து நிற்கின்றன. சில நாளுக்கு ஒருமுறை பட்டியை இடம் மாற்றுவார். சாணமும் சலமும் நேராக மண்ணுக்கு, லொறிக்கூலி இல்லை. பதிலுக்கு வைக்கோலில் ஒரு பங்கும் பட்டிக்கு வேண்டிய கம்பும் நான் கொடுக்கிறேன். சணலைக் கோடையில் வரும் சிறுபோகத்துக்கு முன் போடுவதை விட்டுவிட்டு, புரட்டாதி கடைசியில் முதல் மழையோடு, மாடுகள் காட்டுப் பக்கம் போன பிறகு ஒரு துண்டில் மட்டும் போடுகிறேன். வெளியிலிருந்து எரு வாங்கும் முன் உங்கள் ஊர்ப் பட்டிக்காரரோடு பேசுங்கள். அவர்களைப் பகைத்துக்கொண்டு இந்த விவசாயம் நடக்காது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயலில் எப்போதும் தண்ணீர் கட்டி வைக்காமல், துளை போட்ட குழாய் ஒன்றைப் புதைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கியதும் மறுபடி கட்டும் முறை இருக்கிறது. தேங்கிய தண்ணீரால் வயலிலிருந்து கிளம்பும் மெதேன் வாயு பாதியளவு வரை குறையும், தண்ணீரும் மிச்சம். பூக்கும் நேரத்தில் மட்டும் காய விடக் கூடாது. நல்ல முறை, ஆனால் வாய்க்காலின் கடைசியில் இருப்பவருக்கு "மறுபடி கட்டும்" நாள் தன் கையில் இல்லை. முறைத்தண்ணீர் தவறினால் பயிர் போய்விடும். மேலே இருக்கிறவர்கள் தாராளமாகச் செய்யலாம், செய்தால் எங்களுக்கும் தண்ணீர் வரும். நான் பெரும்போகத்தில் மழை நம்பிக்கையாக இருக்கும் காலத்தில் மட்டும் செய்கிறேன்.

பூச்சி விஷயத்தில்தான் எனக்கு முதல் நிம்மதி கிடைத்தது. விதைத்து நாற்பது நாள் வரை இலையைத் தின்னும் பூச்சிக்கு மருந்து அடிக்காமல் விட்டுப் பாருங்கள். இளம் நெல் அந்தச் சேதத்திலிருந்து தானே எழும்பிவிடும். அந்த நாட்களில் அடிக்கும் மருந்து முதலில் கொல்வது சிலந்தியையும் தும்பியையும்தான், அவை போன இடத்தில் பிறகு கபிலத் தத்தி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி பெருகும். சொல்வது சுலபம். பக்கத்து வயலில் மருந்து விசிறும் இயந்திரச் சத்தம் கேட்கும்போது சும்மா இருப்பதற்கு நெஞ்சு வேண்டும். காலையில் பனியோடு போய்ப் பயிர்களுக்கிடையே எத்தனை சிலந்தி வலை மின்னுகிறது என்று பார்ப்பேன். வலை நிறைய இருந்தால் மருந்துக் கடைப் பக்கம் போக மாட்டேன். கபிலத் தத்தி பரவிய ஒரு போகத்தில் பக்கத்து வயல்களில் வட்டம் வட்டமாகக் காய்ந்தபோது என் ஒரு ஏக்கரில் அந்த வட்டம் விழவில்லை. மாமா அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த போகம் அவரும் முதல் மருந்தைப் பிந்தித்தான் அடித்தார்.

எலிக்கு வயலுக்குள் அங்கங்கே ஆங்கில T எழுத்து மாதிரித் தடி நட்டிருக்கிறேன், இரவில் கூகை வந்து குந்தும். கீழ்ப் பக்கம் குடாவைப் பார்த்த வரம்பில் பூவரசும் புங்கும் வைத்திருக்கிறேன். உப்புக் காற்றைத் தாங்கும், இலையை வெட்டி வயலுக்குள் போடலாம். நிழல் விழும் ஓரத்தில் நெல் குறையத்தான் செய்யும், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். குளக்கட்டுக்குக் கீழே ஒரு காட்டுத் துண்டை வெட்டாமல் விடுவது இந்த உலர் வலயத்தின் பழைய முறை. மருதும் இலுப்பையும் புங்கும் நிற்கும் அந்தத் துண்டுதான் உப்பை வயலுக்கு இறங்கவிடாமல் பிடிக்கும். பல இடங்களில் அதை வெட்டி வயலாக்கிவிட்டார்கள், பிறகு உப்பு ஏறுகிறது என்று முறைப்பாடு. கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களப் பெரியவர் ஒருவர், பறவைகளுக்கென்று வயலில் ஒரு துண்டை விடும் தங்கள் வழக்கத்தைக் காட்டினார், குருலு பாலுவ என்பார்கள். நானும் கண்டல் பக்கத்து மூலையில் ஒரு சின்னத் துண்டை விட்டேன். தினைக்குருவிகள் எல்லாம் அங்கே போய் மற்ற வயலை விட்டுவிடும் என்று நம்பாதீர்கள், அவை இரண்டிலும் தின்னும். ஆனால் அந்தத் துண்டில் தங்கும் கொக்கும் நத்தைகொத்தி நாரையும் வயலில் நத்தையையும் புழுவையும் பொறுக்குவதைப் பார்த்தால், அந்த நெல்லைக் கூலியாக நினைத்துக்கொள்ளலாம்.

பன்றியும் மயிலும் வேறு கதை. அவற்றோடு சமாதானம் பண்ணும் வழி எனக்குக் கிடைக்கவில்லை. யானை கப்பல்துறைப் பக்கத்தால் வரும் என்ற பயம் எப்போதும் உண்டு. தனி ஒருவர் மின்வேலி போட்டு இதைத் தீர்க்க முடியாது. வயல்காரர்கள் சேர்ந்து, பயிர் நிற்கும் மாதங்களில் மட்டும் போட்டு, அறுவடையானதும் கழற்றும் வேலி சில ஊர்களில் பலன் தந்திருக்கிறது. கழற்றிய பிறகு யானை வந்து தாளை மேய்ந்துவிட்டுப் போகும், அதில் யாருக்கும் நட்டமில்லை. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுக்கும் வேலையை மட்டும் யாரும் செய்யாதீர்கள். அதில் யானையும் சாகிறது, காலையில் வயலுக்குப் போகும் மனிதரும் சாகிறார்.

கடைசியாக விற்பனை. ஒரு ஏக்கரில் பச்சைப்பெருமாள் என்ற பாரம்பரியச் சிவப்பு நெல் போட்டேன். மூன்றரை மாத நெல், அதனால் வாய்க்கால் நாட்காட்டிக்குள் அடங்கும். பாரம்பரிய இனம் என்று ஆசைப்பட்டு நீண்ட வயது நெல்லைப் போட்டால், மற்றவர்கள் அறுவடைக்காகத் தண்ணீரை நிறுத்தும்போது உங்களுடையது பால் பிடித்துக்கொண்டு நிற்கும். வெட்டு மெசின் முதல் நாள் வெள்ளை நெல் வெட்டிய வயிற்றோடு வந்தால் உங்கள் சிவப்பு நெல்லில் வெள்ளை கலக்கும், கடைக்காரர் கண்டவுடன் விலையை இறக்குவார். முதலில் ஒரு வரிசை வெட்டி அந்த நெல்லைத் தனியாகச் சாதாரண நெல்லோடு கொடுத்துவிடுங்கள். ஆலையிலும் இதே கலப்புப் பிரச்சினை. சிறிய ஆலையில் காலையில் முதல் ஆளாகப் போய்க் குற்றுவிப்பேன். நெல்லாகக் கொடுத்தால் நம் உழைப்புக்கு விலை கிடையாது. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் கிலோ ஒன்றுக்கு நாடு நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 ரூபாய் என்று நிர்ணயித்தது. அந்த மூன்றிலும் பசளையில்லாமல் விளைந்ததற்கென்று ஒரு விலை இருக்கவில்லை. அரிசியாக்கி, திருகோணமலைப் பட்டணத்தில் தெரிந்த ஆசிரியர்கள், வைத்தியசாலையில் வேலை செய்பவர்கள் என்று ஒரு வட்டத்துக்கு மாதா மாதம் கொடுக்கிறேன். ஒரு ஏக்கர் அரிசிக்கு அது போதும். மூன்றரை ஏக்கருக்குப் போதாது, அதனால்தான் அவசரப்பட்டு மற்றதை மாற்றவில்லை.

2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளம் எங்கள் பக்கத்தில் யாரையும் விட்டுவைக்கவில்லை. என் வயலும் மூழ்கியது, மண் நன்றாக இருந்தால் வெள்ளம் ஒன்றும் செய்யாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தண்ணீர் வடிந்த பிறகு பட்டி கட்டிய துண்டு மட்டும் மற்ற இடங்களைப் போல இறுகிப் பாளம் விடவில்லை, மீண்ட பயிர் அங்கேதான் அதிகம். அந்தப் போகத்தில் பசளை போடாத ஏக்கரில் 1,400 கிலோ, பாதிப் பசளை போட்ட இரண்டரை ஏக்கரில் ஏக்கருக்கு 1,700 கிலோ. சங்கிலியை மீட்டாயிற்று, காப்பு இன்னும் வங்கியில்தான். வருகிற பெரும்போகத்துக்கு இன்னொரு அரை ஏக்கரைச் சேர்க்கலாமா என்று அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அரிசி வாங்க இன்னும் பத்து வீடு சேர்ந்தால் பார்ப்போம் என்பது அம்மாவின் நிபந்தனை. இதுவரை ஆறு வீடு சொல்லியிருக்கிறார்கள்.